விதானம்

பேர்ன் மருத்துவமனையில் மொழிபெயர்த்தவள்
தொலைபேசிக்குள் இருந்தாள். பெயர் சொல்லவில்லை.
மருத்துவர் "ஸ்வெர்ஹ்ஃபெல்" என்றதும்
அவள் பக்கத்தில் தாள் புரளும் சத்தம்.
பிறகு சொன்னாள்: உதரவிதானம்.

விதானமா?
இருபத்திரண்டு வருசம் என் பிழைப்பே அதுதான், தங்கச்சி.
பீல், லீஸ், சொலத்தூர்ன்,
எங்கே கலியாணமென்றாலும்
நாலு தூண், நடுவில் தாமரைக் குஞ்சம்,
பன்னிரண்டு மீற்றர் பட்டுத் துணி.
எனக்குள்ளும் ஒன்று கட்டியிருக்கிறதென்று
ஒருவரும் சொல்லவில்லை,
அது தொய்கிற வரைக்கும்.

முதலில் கை. பிறகு, கொஞ்சம், நாக்கு.
நரம்பு கைவிட்ட இடமெல்லாம்
தசை சும்மா துடித்துக்கொண்டு கிடந்தது,
பழுதாய்ப்போன சீரியல் லைற் மாதிரி.
மூச்சை நான் கணக்கில் சேர்க்கவேயில்லை.
அதை நான்தான் செய்கிறேன் என்று
ஒருநாளும் நினைத்ததில்லை.

காலையில் தலையிடி.
மல்லாந்தால் மார்பில் ஆரோ ஏறி இருக்கிற பாரம்.
பவளராணி போர்வையை விலக்கிப் பார்த்தாள்:
மூச்சை இழுக்கும்போது
வயிறு எழும்பாமல் உள்ளே போனது,
கயிறு அறுந்த துணி
எதிர்ப்பக்கம் புடைப்பது போல.
துணி என்று அவள் சொல்லவில்லை. அது என் கண்.

ஏஷ்லிமன் என்ற இளம் பெடியன்
என் ஒரு மூக்குத் துவாரத்தை அடைத்துவிட்டு
கெதியாய் உறிஞ்சச் சொல்லித் தன் மூக்கால் செய்து காட்டினான்.
"பூ மணக்கிற மாதிரி, அண்ணை" என்றாள் தொலைபேசிக்காரி.
பத்துத் தரம் மணந்தேன். பூ இல்லை.
திரையில் முப்பத்தெட்டு.
அவன் அதை எழுதி, கீழே கோடும் போட்டான்.

"மூச்சுக்கு முந்நூறு தரம்
யோகனுக்குக் குடுத்த காசைப் பற்றியே கதை" என்று
முந்தி என்னை ஏசுவாள் பவளராணி.
இப்போது ஒரு மூச்சுக்கு ஏழு சொல்.
எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.
யோகன் தப்பினான்.

இரவில் முகமூடி.
வார்கள் கன்னத்தில் பள்ளம் வைக்கும்.
ஓரத்தால் கசிகிற காற்று
பக்கத்தில் படுப்பவளின் கண்ணில் அடிக்கும்.
முதல் கிழமை மெசினோடு சண்டை:
நான் விட நினைக்க அது தள்ளும்,
நான் இழுக்க நினைக்க அது பார்த்துக்கொண்டிருக்கும்.
எட்டாம் இரவு
விட்டுக்கொடுத்தது நானா அதுவா தெரியாது.
விடிந்தபோது தலையிடி இல்லை.
ஜூரா மலைப்பக்கம் பனி.
குசினியிலிருந்து கோப்பி, உறிஞ்சாமலே மணந்தது.

நிமிடத்துக்குப் பதினாலு என்று வைத்திருக்கிறார்கள்.
நான் மறந்தாலும் அது மறக்காது.
ஆனால் பெருமூச்சு விட அதற்குத் தெரியாது.
எங்கள் இரண்டு பேருக்குமாக
பவளராணி அதை விடுகிறாள்,
குழாய்த் தண்ணியைத் திறந்து வைத்துவிட்டு.

தொண்டையில் துளை வேண்டுமா என்று
ஒரு படிவம். ஆம், இல்லை, இரண்டு பெட்டி.
மேசை லாச்சிக்குள் கிடக்கிறது,
வாடகைத் துண்டுகளுக்கு அடியில்.
இல்லை என்றுதான் போடுவேன் என்று நினைக்கிறேன்.
செவ்வாய்க்கிழமைகளில் அப்படி நினைப்பதில்லை.

போன சனி லீஸில் கலியாணம்.
உடற்பயிற்சி மண்டபம்.
கூடைப்பந்து வளையத்தைத் துணியால் மறைத்து
யோகனும் பெடியளும் கட்டினார்கள்.
நான் சக்கரக் கதிரையில், வாயோரம் குழாய்,
தேவைப்பட்டால் ஒரு மிடறு காற்று.
ஒரு சின்னப்பிள்ளை வந்து நின்றது:
"என்ன குடிக்கிறீங்கள்?"
"காத்து."
"எனக்கும்?"

மணவறைக்கு மேலே
இடது மூலை தொய்ந்திருந்தது.
ஐயருக்கும் தெரியவில்லை, படமெடுப்பவனுக்கும் தெரியவில்லை.
மேளம் தொடங்கிவிட்டது.
ஒரு மிடறு எடுத்தேன்.
"யோகன்" என்பதிலேயே அது முடிந்தது.
அவன் குனிந்து காதைக் கொண்டுவந்தான்,
காசைத்தான் கேட்கப்போகிறேன் என்ற முகத்தோடு.
இன்னொரு மிடறு.
"இடது மூலை.
இழு."

அவன் ஏணிக்கு ஓடினான்.
மூன்றாவது மிடறை
ஒன்றும் சொல்லாமல்
சும்மா விட்டேன்.